ஆச்சியின் இளைப்பும் மகளின் இளைப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி திருநெல்வேலிச் சிந்துபூந்துறைக்குள் வந்தபோது எங்கள் வீட்டுப் பட்டாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. சுவரில் ஏறிய ஈரம் வடியவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். தை முடிவதற்குள் சுண்ணாம்பை மீறிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பீரோவை நகர்த்தி வாரியலால் அந்தச் சுவரைச் சுரண்டினேன். எட்டு வயது மகள் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் தும்மினாள், கண்ணைக் கசக்கினாள், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. தோசை சாப்பிட்டுத் தூங்கப் போனாள். இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். இருமல் நிற்கவில்லை, இருமலுக்கு நடுவே நெஞ்சுக்குள் யாரோ மெல்லிய சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆச்சி வீட்டுத் தார்சாலில் படுத்துக்கொண்டு சிறு வயதில் இரவெல்லாம் கேட்ட சத்தம் அது.

“ஆச்சியின் இளைப்பு பேத்தியைத் தாண்டிக் கொள்ளுப்பேத்திக்கு வந்துவிட்டது” என்று அம்மா அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மூச்சுக் கோளாறு எதுவானாலும் இளைப்பு என்ற ஒரே சொல்தான். அந்த ஒரே சொல்லால் ஆச்சிக்கும் தவறு செய்தோம், மகளுக்கும் தவறு செய்தோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் மகளைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தீர்கள்?” என்பது. இரவு வந்த இருமலுக்கு ஏன் சாயங்காலத்தை விசாரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பூஞ்சையைச் சுரண்டியதைச் சொன்னதும் தலையை ஆட்டினார். மூச்சுக்குழாயின் உட்சுவரில் மாஸ்ட் செல் என்று ஒரு வகை செல்கள் காவல் இருக்கின்றன. ஒவ்வாத துகள் வந்து பட்டதும் சில நிமிடங்களுக்குள் அவை ஹிஸ்டமினையும் வேறு சில ரசாயனங்களையும் கொட்டுகின்றன. தும்மலும் கண் அரிப்பும் வந்தது அதனால். ஆனால் அந்த ரசாயனங்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களுக்கு ஆள் அனுப்புகின்றன. அவை இரத்தக்குழாயிலிருந்து கசிந்து, மூச்சுக்குழாயின் சுவருக்குள் வந்து சேர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அவை வந்ததும் சுவர் வீங்குகிறது, சளி கெட்டியாகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. போதாக்குறைக்கு நடுராத்திரி என்பது, வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்டிசோல் உடலில் மிகவும் குறைந்திருக்கும் வேளை. சாயங்காலம் விதைத்தது நடுராத்திரியில் முளைத்தது.

அன்றுதான் ‘அழற்சி’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். பாடப்புத்தகத்தில் படித்துக் கடந்துபோன சொல். அழல் என்றால் தீ. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்ற மருத்துவ நூலாசிரியர் இதற்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. காலில் முள் தைத்தால் நாலும் தெரியும். முள்ளை எடுத்ததும் நாலும் அடங்கும். அழற்சி என்பது அடிப்படையில் உடலின் நல்ல வேலை; கிருமியை மடக்கவும், கிழிந்ததைத் தைக்கவும் அது இல்லாமல் முடியாது. கோளாறு என்னவென்றால், நுரையீரலுக்குள் இந்த நான்கு அடையாளங்களில் எதையும் நாம் பார்ப்பதில்லை. சிவப்பு உள்ளே இருக்கிறது. நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. சதுர மீட்டர் கணக்கில் ஒரு வீட்டுத் தரை அளவுக்கு விரிந்து கிடக்கும் மெல்லிய பரப்பு, தினமும் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. அங்கே தீப்பிடித்தால் சத்தமில்லாமல்தான் எரியும். அது போதிய அளவுக்கு வழியை அடைத்த பிறகுதான் நமக்குச் செய்தி வருகிறது, இளைப்பு என்ற பெயரில்.

வழி அடைபடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. பாளையங்கால்வாயில் அமலை மண்டினால் கரையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைந்ததுபோலத்தான் தெரியும். கடைமடை வயல்காரருக்கு ஒரு சொட்டுகூட வராது. பெரியவர்களின் குழாயில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் தாங்கக்கூடியது. குழந்தையின் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் உயிர்ப் போராட்டம். இதைக் காகிதத்தில் வட்டம் போட்டு டாக்டர் காட்டியபோது என் கை நடுங்கியது.

இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் ‘ஈஸ்னோபீலியா’ என்பது ஒரு நோயின் பெயராகவே புழங்குகிறது. “சின்ன வயதில் எனக்கு ஈஸ்னோபீலியா இருந்தது” என்று சொல்லாத குடும்பம் உண்டா? அது நோயின் பெயர் அன்று. 1879இல் ஜெர்மனியில் பால் எர்லிக், ஈயோசின் என்ற செஞ்சாயத்தை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும் ஒரு வகை வெள்ளை அணுவைக் கண்டு அதற்கு வைத்த பெயர் ஈசினோபில். புழுக்களை எதிர்க்க உடல் வைத்திருக்கும் படை அது. ஆஸ்துமாவில் புழு இல்லாமலேயே அந்தப் படை மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. எண்ணிக்கை கூடியிருப்பது ஓர் அடையாளம். எதனால் கூடியது என்று தேட வேண்டும். தேடினால் சில சமயம் உண்மையிலேயே புழு கிடைக்கும். 1940இல் மதனப்பள்ளிக் காசநோய் சானடோரியத்தில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசம் போலத் தோன்றி, இரவு இருமலும் ஈசினோபில் பெருக்கமுமாக வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அது யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் மிகையான அழற்சி என்பது பின்னால் தெளிந்தது. யானைக்காலுக்குக் கொடுக்கும் மாத்திரையிலேயே அது அடங்கும். மகளுக்கு அது இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஆஸ்துமா என்று சொன்னார்கள்.

டாக்டர் மூச்சில் இழுக்கும் இரண்டு பம்ப் எழுதிக் கொடுத்தார். ஒன்று சால்பூட்டமால்: இறுகிய தசையை ஐந்து நிமிடத்தில் தளர்த்தும். இன்னொன்று வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு: தினமும் காலையும் இரவும், இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதலாவது வீக்கத்தைத் தொடுவதே இல்லை என்று இரண்டு முறை சொன்னார். சால்பூட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்தது, மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு 1972இல் வந்தது. இருந்தும் அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் மக்கள் முதலாவதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததும் சுகம் தெரிகிறதே, அதனால். 2019இல்தான் ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டிக் குழு, பெரியவர்களுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் தசை தளர்த்தும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று வெளிப்படையாக எழுதியது. தசையைத் தளர்த்தித் தளர்த்தி உள்ளே தீ எரிய விட்டதில் எத்தனையோ உயிர்கள் போன பிறகு.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆச்சியின் முகம் வந்தது. கடைசி வருடங்களில் உப்பிப் பளபளத்த முகம். நகம் பட்டாலே தோல் கிழிந்தது. குளிக்கும் இடத்தில் லேசாகச் சறுக்கியதற்கே இடுப்பெலும்பு முறிந்தது. ஆச்சிக்கு ஊரில் கிடைத்த வைத்தியம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. சீட்டும் கேட்காமல் கணக்கும் இல்லாமல் ஒரு மருந்துக்கடையில் பத்துப் பத்தாக வாங்கி ஏழு வருடம் விழுங்கினாள். அது ஸ்டீராய்டு மாத்திரை என்பது அவள் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பயம் வீட்டின் சுவருக்குள் ஈரம்போல ஏறிவிட்டது. மாத்திரையில் போவது மில்லிகிராம். பம்பில் போவது மைக்ரோகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. அதுவும் நேரே குழாய்ச் சுவரில் படிகிறது, உடல் முழுவதும் சுற்றுவது மிகவும் குறைவு. இதையெல்லாம் டாக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சித்திரையில் மகள் தாத்தா வீட்டு வயல் வரப்பில் ஓடினாள். இருமல் இல்லை, சீழ்க்கைச் சத்தம் இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “பிடித்தால் விட முடியாதாம்”, “பொம்பளைப் பிள்ளைக்கு இப்போதே பம்ப்பா?” வைகாசியில் ஸ்டீராய்டு பம்பை நிறுத்தினேன். டாக்டரிடம் கேட்கவில்லை. முடிவு என்னுடையது.

ஆனியில் பள்ளி திறந்தது. தென்காசிப் பக்கம் சாரல் பிடித்து, இங்கே வரைக்கும் ஈரக்காற்று. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி. மகளுக்கும் மூக்கு ஒழுகியது. இரண்டாம் நாள் இரவு விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கியது; ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை அவளால். “அம்மா”, பிறகு மூச்சு, “தண்ணி”, பிறகு மூச்சு. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியோடு அவள் கிடந்த அந்த நான்கு மணி நேரத்தை விவரிக்க எனக்கு மனமில்லை.

விடிந்ததும் அதே டாக்டர் வந்தார். திட்டவில்லை. “உங்கள் வீட்டில் யாராவது விறகடுப்பு வைத்திருந்தார்களா?” என்று கேட்டார். ஆச்சி வைத்திருந்தாள் என்றேன். “ராத்திரி அடுப்பை எப்படி விடுவார்கள்?” என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆச்சி தீப்பெட்டியை மிச்சப்படுத்துவாள். படுக்கப் போகும்முன் கங்கைக் கூட்டிச் சாம்பலால் மூடிவிடுவாள். தொட்டால் சாம்பல் குளிர்ந்திருக்கும். விடியற்காலையில் ஒரு கைப்பிடிச் சில்லாட்டையைச் செருகி ஊதாங்குழலால் நாலு ஊது ஊதினால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். சித்திரையில் வரப்பில் ஓடிய பிள்ளையின் நெஞ்சுக்குள் இருந்தது அந்தக் கங்கு. சளிக்கிருமி வந்து ஊதியது. அவ்வளவுதான்.

ஆச்சியின் கதைக்கு வருகிறேன். அவள் வாழ்நாளில் ஒரு பீடியையும் உதட்டில் வைத்தவள் இல்லை. ஆனால் காலையும் மாலையும் அடுக்களைப் புகை. புகைக்கூண்டு கிடையாது, ஓட்டு இடுக்கு வழியாகப் போனது போக மீதி அவளுக்கு. உடைமுள், பனைமட்டை, மழைக்காலத்தில் ஈரவிறகு. ஊதாங்குழலில் ஊதுகிறவர் ஊதி முடித்ததும் என்ன செய்வார்? முகத்தை அங்கேயே வைத்துக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சை இழுப்பார். அடுப்புக்கு மேலே, புகைக்கு நடுவே. ஐம்பது வருடம் அப்படி இழுத்த மூச்சுகள். மத்தியானம் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காருவாள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் சீதனமும் பள்ளிக் கட்டணமும் சேர்த்தது இந்தச் சுளகிலிருந்து. புகையிலைத் தூளை எரிக்க வேண்டியதில்லை. சுவாசித்தாலே மூச்சுக்குழாய் எரிச்சலடையும். அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் ஓட்டுத் துணுக்குகளே அழற்சியைக் கிளப்பப் போதும். பஞ்சிலும் அப்படித்தான். நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த என் சின்ன தாத்தாவுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும்; வாரம் போகப் போகக் குறையும். உலகெங்கும் பஞ்சாலைத் தொழிலாளர்களிடம் காணப்படும் அடையாளம் அது.

ஆச்சியின் நுரையீரலில் எரிந்தது வேறு தீ. அங்கே முன்னணியில் நின்றவை ஈசினோபில்கள் அல்ல. புகைத்துகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களும், அவை கூப்பிட்டு வரும் நியூட்ரோபில்களும்; இரண்டும் வேறு வகை வெள்ளை அணுக்கள். நியூட்ரோபில் கையில் எலாஸ்டேஸ் என்ற கத்தி இருக்கிறது, கிருமியை வெட்டுவதற்கு. அது நுரையீரலின் மீள்தன்மையுள்ள இழைகளையும் வெட்டிவிடும். அதைத் தடுக்க இரத்தத்தில் ஒரு புரதம் காவல் இருக்கிறது. 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர், பிறவியிலேயே அந்தக் காவல் புரதம் இல்லாதவர்களுக்கு இளவயதிலேயே காற்றறைகள் சிதைவதைக் கண்டார்கள். அழற்சி நுரையீரலை எப்படித் தின்கிறது என்பது அதிலிருந்துதான் விளங்கத் தொடங்கியது. புகை அந்தக் காவலையும் செயலிழக்க வைக்கிறது. விறகுப்புகை குடித்த பெண்களிடம் காற்றறைச் சிதைவைவிடச் சிறு மூச்சுக்குழாய்கள் தடித்துத் தழும்பேறுவது அதிகம், கரிப்படிவும் அதிகம். தழும்பு வீக்கம்போல வடியாது. ஆச்சி ஏன் எந்த மருந்துக்கும் முழுதாகத் தேறவில்லை என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

ஏழு வருடம் விழுங்கிய அந்த மாத்திரை ஏன் அவள் முகத்தை உப்ப வைத்ததே தவிர மூச்சைத் திறக்கவில்லை என்பதும். ஸ்டீராய்டு செல்லுக்குள் போய் அழற்சி மரபணுக்களை அணைப்பதற்கு ஒரு நொதியின் உதவி வேண்டும். லண்டனில் நுரையீரல் ஆய்வாளர் பீட்டர் பார்ன்ஸ் குழுவினர், ஆச்சிக்கு இருந்ததுபோன்ற நாள்பட்ட அடைப்பு நோய் (சிஓபிடி) கொண்டவர்களின் நுரையீரலில் அந்த நொதி மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். புகையின் ஆக்சிஜனேற்றத் தாக்குதல் அதைச் சிதைத்துவிடுகிறது. மகளின் தீயை அணைக்கும் தண்ணீர் ஆச்சியின் தீயில் பெரும்பாலும் வீணாகப் போனது. ஆச்சிக்கு வேண்டியிருந்தது புகையிலிருந்து விடுதலை, குழாயை நீண்ட நேரம் திறந்து வைக்கும் மருந்து, மூச்சுப் பயிற்சி. கிடைத்தது ஆஸ்துமா என்ற பெயரும் மாத்திரையும். அவளைப் பார்த்த ஒருவரும் “எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள்?” என்று கேட்கவில்லை. “வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?” என்று மட்டும் கேட்டார்கள். புகைக்காதவர்களுக்கு வரும் அடைப்பு நோயைப் பற்றி புனே மருத்துவர் சந்தீப் சால்வியும் பார்ன்ஸும் 2009இல் லான்செட் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்கள். ஆச்சி 2003இல் போய்விட்டாள்.

கடைசி நாட்களில் அவள் மூச்சை விடும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படிக் குவித்து விடும்போது குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சம் தங்கி, தளர்ந்த சிறு குழாய்கள் மூடிக்கொள்ளாமல் நிற்கின்றன. இன்று பிசியோதெரபியில் அதையே பயிற்சியாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். அவள் உடம்பு தானாகவே கண்டுபிடித்திருக்கிறது. பார்ப்பதற்கு ஊதாங்குழல் இல்லாமல் அடுப்பு ஊதுவதுபோல இருக்கும்.

இப்போது மகளுக்குப் பத்து வயதாகிறது. இரவு பம்பில் ஸ்பேசர் என்ற குழலை வைத்து இரண்டு இழுப்பு, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் பூஞ்சைப் படலம் வரும். காலையில், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி, எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதுகிறாள். ஆனியில் ஆஸ்பத்திரியில் 110 காட்டியது. இந்த மாதம் 250க்குக் கீழே இறங்கவில்லை. பீரோ இருந்த சுவரை முழங்கால் உயரத்துக்குக் கொத்தி, ஈரம் ஏறாத பூச்சு போட்டாகிவிட்டது. மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் முடிவு செய்கிறார். நான் முடிவு செய்வதில்லை.

எங்கள் வளவில் கடைசி வீட்டு மைனி பீடி சுற்றுகிறாள். சமையலுக்குக் காஸ் அடுப்பு வந்து பல வருடமாகிறது, ஆனால் ஆறு பேர் குளிக்க வெந்நீர் இன்றும் பின்கட்டில் விறகில்தான் காய்கிறது. காஸ் விலை அப்படி. மூன்று வருடமாகக் காலையில் பல் துலக்கும்போது அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்ணார்பேட்டைப் பாலத்தில் ஏறும்போது நின்று நின்று வருகிறாள். “வயசாகிறது இல்லையா, இளைப்புதான்” என்கிறாள். வயது நாற்பத்தாறு. ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை அது சொல்லிவிடும். மொத்தத்தில் பத்தில் ஏழு பங்குகூட வராவிட்டால் அடைப்பு இருக்கிறது. பம்ப் மருந்து இழுத்துவிட்டு மறுபடி ஊதினால் அது ஆஸ்துமாவா, மற்றதா என்பதற்கும் தடயம் கிடைக்கும். ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல் இரண்டு முறையும் பீடி எண்ணிக்கை குறைந்துவிடும் என்று மறுத்துவிட்டாள். நேற்று ராத்திரி கதவைத் தட்டி, “செவ்வாய்க்கிழமை என்றால் வருகிறேன், மறுநாள்தான் கடையில் பீடி எடுக்கிற நாள்” என்றாள். செவ்வாய்க்கிழமைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.